மருத்துவர் பதில்கள்: கேட்காமல் போன மாத்திரை

கேள்வி: எனக்கு 42 வயது. நான்கு மாதத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு. போன தடவை குணம் தந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையே கடையில் வாங்கி இரண்டு நாள் போட்டேன், குறையவில்லை. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா? டாக்டர் ஏன் உடனே வேறு மாத்திரை தராமல் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்துக்குப் பழகியது கிருமிதான், உடம்பு அல்ல. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. நீங்கள் போடும் சிப்ரோ குடலுக்கும் போகிறது. அங்கே சாதாரண பாக்டீரியாக்கள் மடிந்துவிட, மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதி மரபணு மாற்றத்தால் உருமாறியிருக்கும் சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அடுத்த தொற்று அவற்றிலிருந்தே வரலாம். மருந்தை எதிர்க்க உதவும் வேறு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையங்களின் வழியே வேறு பாக்டீரியாக்களுக்கும் கைமாறும்.

எந்த மருந்து கேட்கும் என்பதை, சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துச் சோதிக்கும் கல்ச்சர்தான் காட்டும். அதனால்தான் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கொடுத்துவிட வேண்டும். பாதி மருந்து போட்டபின் கொடுத்தால், தொற்று இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம். நீங்கள் ஏற்கெனவே போட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொடுக்கும் முறையும் முக்கியம். வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் தரும் கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. வீட்டு பாட்டில் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. வெளியே கிடந்தால் தோலிலிருந்து வந்த நாலு கிருமிகூடப் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும்.

ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். தொந்தரவு அதிகமென்றால், சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றுவார். 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. நிறைய 'ஆர்' இருந்தாலும் பயம் வேண்டாம். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் என்ற பழைய மருந்து இன்றும் நன்றாக வேலை செய்கிறது, வழக்கமாக 5 நாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஒத்துவராது. குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இந்த மருந்து போதாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் தாமதிக்கக் கூடாது.

குணமானபின் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மறுபடி கல்ச்சர் எடுக்காதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவரின் சிறுநீரில் பாக்டீரியா தெரிந்தாலும், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து தேவையில்லை. தேவையற்ற ஆன்டிபயாட்டிக் இப்படித்தான் ஏராளமாக உள்ளே போகிறது.

கேள்வி: மூன்றாம் நாளே சரியாகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நோயைப் பொறுத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பெனிசிலின் 10 நாள். நடுவில் விட்டால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட வாய்ப்புண்டு. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம். சில தொற்றுகளுக்கு 3 நாளே போதும். ஆகவே சீட்டு வாங்கும்போதே 'எத்தனை நாள்?' என்று கேட்டுவிடுங்கள். மீதி மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு அமாக்சிசிலின் பவுடர் சிரப். தண்ணீர் கலந்தால் அளவு கூடிக் குறைகிறதே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பாட்டிலில் குறித்த கோடுவரை ஒரேயடியாக ஊற்றினால் அடியில் பவுடர் கட்டிதட்டும், மேலே நுரைதான் கோட்டைத் தொடும். முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிடுங்கள். காய்ச்சி ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடுவரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாட்களில் மருந்து குறைவாகவும், கடைசியில் கூடுதலாகவும் போகும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், மில்லிலிட்டர் குறித்த மூடியோ சிரிஞ்சோ போதும். கலந்த சிரப் பொதுவாக 7 நாள்தான், லேபிளைப் பாருங்கள்.

கேள்வி: சளி மஞ்சளாகிவிட்டது. அசித்ரோமைசின் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். சாதாரண வைரஸ் சளியும் நாலைந்து நாளில் மஞ்சளாகும், வைரஸிடம் இந்த மாத்திரை எடுபடாது. 10 நாளைத் தாண்டினாலோ, குறைந்துவந்த காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரைப் பாருங்கள். அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து.