வாசகர் கேள்வி பதில்: பள்ளிக்கூடத்தை யார் பார்க்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாடசாலைகளைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் தவணைக்கு ஒருதரம் காசு கேட்கிறார்கள். பெயின்ற் அடிக்க, மின்விசிறி பூட்ட, இப்போது "மேலிடத்தில் இருந்து சேர்மார் வாறாங்க, சாப்பாடு குடுக்கணும்" என்று பிள்ளைக்கு 300 ரூபா. பற்றுச்சீட்டு கிடையாது. கேட்டால் பிள்ளையை வகுப்பில் வேறுமாதிரிப் பார்ப்பார்களோ என்று பயம். இலவசக் கல்வி நாட்டில் இதைப் பார்க்க ஆளே இல்லையா?
– ஒரு தாய், மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: ஆள் இல்லாமல் என்ன அம்மா, தேவைக்கு மிஞ்சியே இருக்கிறார்கள். மாகாணப் பாடசாலை என்றால் அதிபருக்கு மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேலே வலயக் கல்விப் பணிப்பாளர் (நம் மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று 5 வலயங்கள், உங்களுடையது எதுவோ), அதற்கு மேலே திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களம், அதற்கும் மேலே மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர். போதாததற்குக் கணக்காய்வாளர்களும் வருவார்கள். இல்லாமல் போனது ஒரே ஒரு படிதான்: நாம் வாக்குப் போட்டு அனுப்பி, நாமே கேள்வி கேட்கக்கூடிய ஆட்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரோடு நிருவாகம் ஓடுகிறது. முன்பு ஊர் உறுப்பினர் ஒருவர் சபையில் எழும்பி இந்தப் பாடசாலையில் ஏன் இப்படி என்று கேட்டால் மாகாணக் கல்வி அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் உண்மையா பொய்யா என்பது வேறு கதை, ஆனால் சொல்லியாக வேண்டும்.

சரி, காசு விசயத்துக்கு வருவோம். பாடசாலைக்குள் வரும் காசு ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பக்கம். கற்றல் கற்பித்தல் சாமான்களுக்கு, அதாவது கடதாசி, மார்க்கர், ஆய்வுகூடத்து இரசாயனம், பந்து மாதிரியானவற்றுக்கு, தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று 2000ஆம் ஆண்டில் இருந்து வருகிறது. மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பார்த்து ஒதுக்குவது அது. இதற்கு அப்பால் வசதிகள் சேவைகள் கட்டணம் என்ற சிறுதொகையும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்துவப் பணமும் இருக்கின்றன. அதையும் தாண்டிப் பெற்றோரிடம் வாங்குவதற்குச் சுற்றுநிருபம் இருக்கிறது: சங்கத்தில் பேசி, அனுமதி எடுத்து, பற்றுச்சீட்டுக் கொடுத்து, வங்கிக் கணக்கில் போட்டுச் செலவழிக்க வேண்டும். மேலிடத்து ஆட்களுக்குக் கோழிக்கறி சமைப்பது எந்தச் சுற்றுநிருபத்திலும் எழுதியில்லை. மேற்பார்வைக்கு வருகிறவரின் சாப்பாட்டை மேற்பார்வை செய்யப்படுகிற பாடசாலை, அதுவும் பெற்றோரின் பையில் இருந்து, கொடுப்பது என்பதை யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

என்ன செய்யலாம்? தனியாகப் போய் அதிபரின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டாம். அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நாலைந்து பெற்றோராகப் போங்கள். நம் பக்கத்தில் அந்தக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தாலே பெரிய கூட்டம், வந்தவர்களிலும் பாதிப்பேர் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவார்கள். சென்ற வருடக் கணக்கறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காவிட்டால், கேட்டோம் என்பதைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வலயக் கல்வி அலுவலகத்துத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம்: இந்தப் பாடசாலைக்கு இந்த வருடம் கிடைத்த தர உள்ளீட்டு நிதி எவ்வளவு, எதற்குச் செலவானது, பெற்றோரிடம் காசு சேர்க்க அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் பிரதி தரவும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பிள்ளையை நினைத்துப் பயமாக இருந்தால் அந்தப் பாடசாலையில் பிள்ளை படிக்காத ஒரு சொந்தக்காரரின் பெயரில் போடுங்கள், எந்தப் பிரசையும் கேட்கலாம்.

கேள்வி: தேசிய பாடசாலை என்றால் தரம் கூடவா?
– உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

பதில்: இல்லை தம்பி. தேசிய பாடசாலை நேரே கொழும்பில் கல்வி அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த பிரிப்பு. பெயர்ப்பலகை மாறினால் காசு வரும் பாதையும் முறையிடும் வாசலும் மாறும், இரசாயனவியல் படிப்பிக்க ஆள் வருமா என்பது அப்போதும் கேள்விதான். நீங்கள் பார்க்க வேண்டியது பாடசாலை 1ஏபி வகையா 1சி வகையா என்பதை. 1சி பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்காது.

கேள்வி: வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று இரண்டு கிழமையாகப் படிப்பிப்பை விட்டுவிட்டுக் கோப்புத் தயாரிக்கிறோம். இதனால் யாருக்கு நன்மை?
– ஆசிரியை, படுவான்கரை

பதில்: கோப்பு விற்கிற கடைக்காரருக்கு. கோபிக்க வேண்டாம் ரீச்சர், உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். மதிப்பீடு என்ற யோசனையில் பிழை இல்லை. பாடசாலை தன்னைத் தானே உள்ளக மதிப்பீடு செய்து, பிறகு வெளியில் இருந்து ஒரு குழு வந்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் குழு வரும் திகதி முன்கூட்டியே தெரிகிறது. அன்றைக்கு மண்டூரில் இருந்து குருமண்வெளிப் பக்கம் பார்த்தால் முதல் பாதையிலேயே (வாவியைக் கடக்கிற மிதவை) எல்லா ஆசிரியரும் மோட்டார் சைக்கிளோடு நிற்பார்கள். மற்ற நாளில் பாதை பிந்தினால் முதற் பாடவேளை போய்விடும், மாரியில் வாவி பொங்கினால் அன்றைய நாளே போய்விடும். குழுவினர் பார்ப்பது அந்த ஒரு நாளை. பாடத் திட்டக் குறிப்பு சிவப்பு மையில் கையொப்பத்தோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் கடைசியாக எப்போது இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது "மனிதவளப் பற்றாக்குறை" என்று அறிக்கையில் ஒரு வரியாகப் போய்விடும். அதிகஷ்டப் பிரதேசம் என்று நியமனம் எடுத்து, காலம் முடிந்ததும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு இடமாற்றம் வாங்கிப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. குறை சொல்ல வேண்டியது, போனவரின் இடத்துக்கு ஆள் வரும் முன்னரே விடுவித்துக் கடிதம் கொடுக்கிறவர்களை.

உங்களுக்கு ஒரு யோசனை. கோப்புத்தான் கேட்கிறார்கள் என்றால், ஆசிரியர் இல்லாமல் போன பாடவேளைகளையும் திகதி போட்டு ஒரு கோப்பாக்கி மேசையில் வையுங்கள். குழுவின் அறிக்கை வலயத்துக்குப் போகும்போது அதுவும் கூடவே போகட்டும்.

கேள்வி: எங்கள் ஆரம்பப் பாடசாலையில் பழைய தண்ணீர்த் தொட்டிச் சுவர் வெடித்துச் சாய்ந்து நிற்கிறது. அதிபர் வலயத்துக்கு எழுதினேன் என்கிறார். வலயம் பொறியியல் பகுதிக்கு அனுப்பினோம் என்கிறதாம். பிள்ளைகள் அதன் நிழலில் விளையாடுகிறார்கள்.
– ஒரு தந்தை, அம்பாறை மாவட்டக் கரையோரம்

பதில்: கடிதம் போகட்டும் அண்ணன், முதலில் நாலு கம்பும் கயிறும் எடுத்து அந்த இடத்தை அடைத்துவிடுங்கள், நாளைக்கே. 2023 டிசம்பரில் வெல்லம்பிட்டியில் ஒரு பாடசாலையில் தண்ணீர்க் குழாய் பொருத்தியிருந்த சுவர் இடிந்து விழுந்து முதலாம் தரப் பெண்பிள்ளை ஒன்று இறந்துபோனது. இன்னும் சில பிள்ளைகளுக்குக் காயம். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க ஆபத்தான கட்டடங்களைப் பார் என்று உத்தரவெல்லாம் பறந்தது.

அரசாங்கக் கட்டடத்தை அதிபர் தன் விருப்பத்துக்கு இடிக்க முடியாது, உண்மைதான். இடிப்பதற்கு ஆய்வு, மதிப்பீடு, அனுமதி என்று வரிசை இருக்கிறது, மரம் வெட்டுவதற்கும் அப்படியே. ஆனால் அடைத்து வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அடுத்ததாக உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடியுங்கள். பாடசாலைச் சூழலைப் பார்ப்பதும் பீ.எச்.ஐயின் வேலைதான், மலசலகூடம், குடிதண்ணீர், சிற்றுண்டிச்சாலை எல்லாம் அவருடைய பட்டியலில் வரும். நான் கண்ட அளவில் டெங்கு நுளம்பால் நீதிமன்றம் ஏறவேண்டி வருமோ என்ற பயத்தில் அதிபர்மார் பீ.எச்.ஐக்குக் கொடுக்கிற மரியாதையைக் கோட்டப் பணிப்பாளருக்குக் கொடுப்பதில்லை. கூடவே பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி, படத்தோடு. அதில் "பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து" என்ற வரியும் திகதியும் கட்டாயம் இருக்க வேண்டும். திகதி போட்ட கடிதம் கோப்பில் கிடந்தால், நாளை ஒன்று நடந்தால் எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அலுவலகங்களை அசைக்கிறது பெரும்பாலும் இந்தப் பயம்தான்.

கேள்வி: மழை வெள்ள நேரம் பாடசாலைக்கு லீவு விடுவது யார்? எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்குப் பிறகுதான் செய்தி வருகிறது.
– சம்மாந்துறை வாசகி

பதில்: ஆளுநர் தரப்பில் இருந்தோ மாகாணக் கல்வித் திணைக்களத்தில் இருந்தோ அறிவிப்பு வரும். ஆனால் அது அரசாங்கப் பாடசாலைகளுக்கு. 2024 நவம்பர் 26ஐ உங்கள் ஊர் மறந்திருக்காது. நிந்தவூர் மத்ரசாவில் இருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. மத்ரசாக்கள் கல்வி அமைச்சின் கீழ் வருவதில்லை, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. பிள்ளை எந்த அமைச்சுக்குச் சொந்தம் என்று வெள்ளம் கேட்பதில்லை. அந்த மாவட்டத்தில் அன்றைக்குப் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும், மத்ரசாவோ அறநெறியோ டியூட்டரியோ, ஒரே அறிவிப்பு மாவட்ட செயலகத்தில் இருந்து முதல்நாள் மாலையே வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது வரும்வரை, தண்ணீர் பாயும் தெருவைக் கடக்க வேண்டிய பிள்ளையை அனுப்பாதீர்கள், ஏற்கெனவே போய்விட்டால் போன இடத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்வதேசப் பாடசாலையில் திடீரென்று கட்டணத்தைக் கூட்டிவிட்டார்கள். வலயத்துக்குப் போனால் "எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்கிறார்கள்.
– மட்டக்களப்பு நகரம்

பதில்: அவர்கள் சொல்வது சரிதான். 1960, 61 சட்டங்களுக்குப் பிறகு புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க இடம் இல்லாமல் போனது, அதனால் இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி வந்தன. சட்டத்தின் கண்ணில் நீங்கள் பெற்றோர் அல்ல, வாடிக்கையாளர். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, கட்டண உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கம்பால் அடித்துக் கை வீங்கிவிட்டது. "அந்தக் காலத்தில் நாங்க வாங்காத அடியா" என்று வீட்டில் மாமா சொல்கிறார்.
– பெயர் வேண்டாம்

பதில்: மாமா வாங்கிய அடிக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது தங்கச்சி. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றுநிருபம் விட்டிருக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படிக் காயம் வந்தது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆஸ்பத்திரித் துண்டைக் கவனமாக வையுங்கள். அதிபருக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வலயத்துக்கு அனுப்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, தமிழிலேயே பேசலாம்.