டைவிங் மாஸ்க்கில் ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே: கண் எரிந்ததற்கு அதுதான் காரணமா?

கேள்வி: போன வாரம் புதுச்சேரியில் ஸ்கூபா போனேன். புது மாஸ்க், கண்ணாடியில் பனி பிடிக்காமல் இருக்க ஆன்லைனில் வாங்கிய ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே. தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், டியூப் லைட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. உப்புத் தண்ணீரா, ஸ்ப்ரேயா? காசு திரும்பக் கிடைக்குமா? அடுத்த மாதம் அந்தமான் போகிறேன், எதை வாங்கலாம்?

பதில்: எனக்குச் சந்தேகம் ஸ்ப்ரே மேல்தான். உப்புத் தண்ணீர் என்றால் பட்டவுடன் எரிந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சில மணி நேரம் கழித்து வலியும் கூச்சமும் வந்தால், கருவிழியின் மேல்படலம் ரசாயனத்தால் புண்பட்டிருக்கலாம். டைவர்களுக்கு இப்படி ஆவது 1980களிலேயே கண் மருத்துவ இதழில் வந்த விஷயம். ஸ்ப்ரே அடித்தபின் மாஸ்க்கை நன்றாக அலசினீர்களா? அலசாமல் போட்டால், உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றும்போது கண்ணாடியில் இருந்ததெல்லாம் கரைந்து நேராகக் கண்ணில்தான் படும்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹெல்மெட் வைசருக்கும் கார் கண்ணாடிக்கும் விற்பதுகூட அதே பெயரில்தான் தேடலில் வந்து நிற்கும், அதில் ஆல்கஹால் இருக்கலாம், முகத்தோடு ஒட்டி மூடிக்கொள்ளும் மாஸ்க்குக்கு அது ஆகாது. டைவிங்குக்கு என்று சொல்லி விற்றிருந்தால், அல்லது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் முகவரியே இல்லாவிட்டால், பாட்டிலையும் பில்லையும் போட்டோ எடுத்து தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 இ-காமர்ஸ் விதி. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். வைசர் ஸ்ப்ரேயை நீங்களே மாற்றி வாங்கியிருந்தால் பணத்தை மறந்துவிடுங்கள்.

அந்தமானுக்கு எதுவும் வாங்க வேண்டாம். புது மாஸ்க்கில் பனி பிடிக்க முக்கியக் காரணம் தயாரிப்பின்போது கண்ணாடியில் படியும் சிலிகான் படலம். வெள்ளை டூத்பேஸ்ட்டை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு தடவை. (பிளாஸ்டிக் லென்ஸ் என்றாலோ கோட்டிங் இருந்தாலோ தேய்க்காதீர்கள், கீறல் விழும்.) அப்புறம் டைவுக்கு முன் தண்ணீர் கலந்த பேபி ஷாம்பு இரண்டு சொட்டு, அதையும் அலசிவிட்டுத்தான் போட வேண்டும். எச்சில் தடவி அலசினாலும் போதும், பழைய டைவர்கள் பலர் அதோடு சரி.

மறுபடி எரிந்தால் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். மெடிக்கலில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் புண் மோசமாகும். இப்போது வலி இல்லை என்றாலும், அந்தமானுக்குக் கிளம்புவதற்குள் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.