கண்மாயில் விடலாமா?

கேள்வி: சுத்திகரித்த கழிவுநீரை எங்கள் கண்மாயில் விட்டால், கரையோரக் கிணறுகள் கெட்டுப்போகுமா? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைத் தின்று சேறாகப் படிந்தபின் மேலே நிற்கும் நீர், கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகவே தெரியும். ஆனால் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீக்கும் தனி ஏற்பாடு இல்லாத நிலையங்களில் அவை பெருமளவு நீரிலேயே தங்கிவிடுவதால், கண்மாயில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிவிடுகின்றன. வைகை வறண்டு, வரத்துக்கால்களில் நல்ல நீர் வராத மாதங்களில் நிலைமை இன்னும் கடுமையாகும். தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சுவதே மேல் என்பது என் கருத்து.

நீரில் தங்கும் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி, மண்ணில் கசிந்து கரையோரக் கிணறுகளை எட்டலாம். ஆகவே கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பாருங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது; ஆகவே அளவு மீறிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே வேண்டாம்.