சிமுலேட்டரில் கிளைடர் ஓட்டும்போது எக்ஸ்சிசோரை ஜாய்ஸ்டிக், கீபேட் பட்டன்களால் இயக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: கிளைடர் சிமுலேட்டரான கான்டார் முதல் திரையில் ஓடுகிறது, கிளைடருக்கு வழியும் இறங்கும் கணக்கும் காட்டும் வரைபட நிரலான எக்ஸ்சிசோர் அதே கணினியின் இரண்டாவது திரையில் இருக்கிறது. ஜாய்ஸ்டிக் பட்டன்களை விசைப்பலகை விசைகளாக மாற்றும் ஜாய்டுகீ நிரலை வைத்து பட்டன்களுக்கு விசைகளைக் கொடுத்தும் எக்ஸ்சிசோர் அசையவில்லை, ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேட வேண்டியிருக்கிறது. நானும் இதே இடத்தில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். ஜாய்டுகீயில் தப்பு எதுவும் இல்லை.

ஜாய்ஸ்டிக்கை எந்த நிரல் வேண்டுமானாலும் பின்னணியில் இருந்தபடியே கவனிக்கலாம். விசைப்பலகை அப்படி இல்லை. அழுத்திய விசை அப்போது எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் போகும். பறக்கும்போது முன்னால் இருப்பது கான்டார். ஜாய்டுகீ உங்கள் பட்டனை ஒழுங்காக விசையாக மாற்றிக் கான்டாரிடம் கொடுக்கிறது, பக்கத்துத் திரையில் இருக்கும் எக்ஸ்சிசோருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே எந்தப் பட்டனுக்கு எந்த விசை என்பதை விட, அந்த விசை யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன், தரவு சரியாக வருகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். காம்0காம் போன்ற நிரலில் ஒரு ஜோடி மெய்நிகர் சீரியல் போர்ட் உருவாக்கி, ஒரு முனையை கான்டாரின் என்எம்இஏ (ஜிபிஎஸ் கருவிகள் தரவு அனுப்பும் வடிவம்) வெளியீட்டுக்கும் மறு முனையை எக்ஸ்சிசோருக்கும் கொடுக்க வேண்டும். எக்ஸ்சிசோர் தொடங்கும்போது ஃப்ளை, சிமுலேட்டர் என்று இரண்டு தேர்வு காட்டும். சிமுலேட்டரில்தானே பறக்கிறோம் என்று இரண்டாவதை அமுக்கினால் போச்சு, வெளியிலிருந்து வரும் தரவை அது கண்டுகொள்ளாது. ஃப்ளைதான் வேண்டும். எந்தக் கருவியின் தரவு வருகிறது என்று எக்ஸ்சிசோருக்குச் சொல்லும் டிரைவர் பட்டியலில் கான்டாருக்கென்று இருப்பதையே எடுங்கள். கான்டார் அனுப்பும் வாக்கியம், அதாவது தரவு வரி, எல்எக்ஸ் என்ற கிளைடர் கருவிகளின் வாக்கியம் போலவே இருக்கும், ஆனால் அதன் பழைய 1.1.4 பதிப்பு காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதிலாக எங்கே போகிறது என்று சொல்லும். எல்எக்ஸ் டிரைவரைப் போட்டால் எதிர்க்காற்று முதுகுக்காற்றாகி, இறங்கும் கணக்கு முழுவதும் தலைகீழாகும்.

சரி, விசைக்கு வருவோம். நான் கடைசியில் தங்கியது, விசைகளுக்கும் பட்டன்களுக்கும் நாமே சிறு கட்டளைகள் எழுதக்கூடிய ஆட்டோஹாட்கீ நிரலில். அதில் கன்ட்ரோல்சென்ட் என்றொரு கட்டளை உண்டு. முன்னால் எந்தச் சாளரம் இருந்தாலும், நீங்கள் பெயர் சொன்ன சாளரத்துக்கு விசையை நேராக அனுப்பிவிடும். கான்டார் முன்னாலேயே இருக்கும், எக்ஸ்சிசோர் பின்னால் இருந்தபடி விசையை வாங்கிக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்கின் 5ஆவது பட்டன் அழுத்தினால் எக்ஸ்சிசோருக்கு மேல் அம்பு அனுப்பு என்பது ஒரே வரி. ஸ்டிக்கின் மேல் கட்டைவிரலால் நாலாபுறமும் தள்ளும் ஹேட் ஸ்விட்ச் மட்டும் கொஞ்சம் படுத்தும், ஏனென்றால் அது பட்டன் கணக்கில் வராது. டைமர் வைத்து அதன் நிலையை அடிக்கடி கேட்க வேண்டும். நடுவில் இருந்தால் -1, மற்றபடி 0 முதல் 35900 வரை ஓர் எண் கிடைக்கும், அது கோணத்தின் நூறு மடங்கு. வலப்பக்கம் என்றால் 9000. ஹேட் நடுவுக்குத் திரும்பும் வரை அடுத்த விசையை அனுப்பாதே என்று ஒரு நிபந்தனை சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டுக்கு வரைபடம் கண்டம் தாண்டிப் போய்விடும்.

ஒன்று கவனம். நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்குச் சாதாரண உரிமையில் ஓடும் நிரல் விசை அனுப்ப விண்டோஸ் விடாது, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. எக்ஸ்சிசோரை நிர்வாகியாகத் திறந்திருந்தால் ஆட்டோஹாட்கீயையும் அப்படியே திறக்க வேண்டும், அல்லது இரண்டையும் சாதாரணமாக. எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதில் போனது.

இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன். ஜாய்ஸ்டிக் பட்டனை எக்ஸ்சிசோருக்குக் கொடுத்துவிட்டதால் கான்டார் அதைக் கேட்பதை நிறுத்திவிடாது, இரண்டும் கேட்கும். எப்போதோ ஒரு பட்டனுக்கு இழுவைக் கயிறு விடும் வேலையை நானே கொடுத்து மறந்திருந்தேன். பின்னாளில் அதே பட்டனை எக்ஸ்சிசோரில் பெரிதாக்கவும் வைத்தேன். இழுவை விமானத்துக்குப் பின்னால் 150 மீட்டர் உயரத்தில், வரைபடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாமே என்று அமுக்கினேன். வரைபடம் பெரிதானது, கயிறும் போனது. கீழே இருந்த வயல் மிகத் தெளிவாகத் தெரிந்தது. எனவே கான்டாரின் கன்ட்ரோல் பட்டியலைத் திறந்து, எக்ஸ்சிசோருக்கு ஒதுக்கிய ஒவ்வொரு பட்டனும் அங்கே காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதினாறு பட்டன் இருக்கிறது என்பதற்காகப் பதினாறையும் நிரப்புகிறார்கள். நானும் முதலில் ஜூமை ஸ்டிக்கின் மேலேயே வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். வட்டமடிக்க ஆரம்பித்ததும் எக்ஸ்சிசோர் தானாகவே நெருக்கமான காட்சிக்கு மாறும், வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் திரும்பும். தெர்மலில், அதாவது கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்றில், சுற்றும்போது எனக்கு வேண்டியிருந்தது தகவல் பெட்டிகளின் பக்கத்தை மாற்றும் ஒரு பட்டன் மட்டும்தான். ஸ்டிக்கில் இன்று அதுவும், மெனுவுக்குள் நகர ஹேட்டும் இருக்கின்றன.

மெக்கிரெடி மதிப்பைக் கூட்டுவது, குறைப்பது இரண்டும் கீபேடில். அடுத்த தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை வைத்து, இரண்டு தெர்மல்களுக்கு நடுவில் எவ்வளவு வேகமாகப் பறக்கலாம் என்று சொல்லும் எண் அது. 1956இல் உலக கிளைடர் சாம்பியனான பால் மெக்கிரெடியின் பெயர்தான். மனித சக்தியால் மட்டுமே பறந்த அவருடைய விமானத்துக்கும் காசமர் கான்டார் என்றே பெயர், 1977. நம் சிமுலேட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை, பெயர் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த எண்ணை ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறைதான் தொடுகிறேன், அதற்கு ஸ்டிக்கில் இடம் எதற்கு?

திருப்புமுனை, அதாவது பாதையில் தொட்டுத் திரும்ப வேண்டிய புள்ளி, தாண்டியதும் அடுத்ததற்கு மாறுவதை எக்ஸ்சிசோர் தானாகவும் செய்யும், நீங்கள் தயார் என்று முன்கூட்டிச் சொன்னால் மட்டும் செய்யும்படியும் வைக்கலாம். புள்ளிக்குப் பதில் பெரிய பரப்பு தரப்படும் பணிகளில் (பறக்க வேண்டிய பாதைகளில்), எவ்வளவு உள்ளே போய்த் திரும்புவது என்பது உங்கள் முடிவு. அப்போது இரண்டாவது முறைதான் வசதி. அதற்கான பட்டனைக் கை தவறிப் படாத மூலையில் வையுங்கள். ஒரு பரப்பின் விளிம்பைத் தொட்டவுடனே அடுத்த கட்டத்துக்கு மாறிவிட்டால், ஆழமாகப் போகும்போது தேவைப்படும் கணக்குகள் திரையிலிருந்து போய்விடும்.

விசைக்கு வேலை கொடுப்பது எக்ஸ்சிசோரின் சொந்த உள்ளீட்டுக் கோப்பில், எக்ஸ்சிஐ என்ற நீட்சியோடு இருக்கும் வெறும் உரைக்கோப்பு. ஒவ்வொரு பதிவிலும் எந்த மோட் (திரையின் நிலை), என்ன வகை, எந்த விசை, என்ன ஈவென்ட் (நடக்க வேண்டிய வேலை) என்று வரி வரியாக எழுதி, பதிவுகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட வேண்டும். இயல்பான விசைகள் முதலில் ஏறி, அவற்றின் மேல்தான் உங்கள் கோப்பு ஏறும், எனவே மாற்ற வேண்டியதை மட்டும் எழுதினால் போதும். மோட் என்பதை அலட்சியம் செய்ய வேண்டாம். மேல் அம்பு சாதாரண நிலையில் பெரிதாக்கும், வரைபடத்தைச் சுற்றிப் பார்க்கும் பேன் நிலையில் அதே அம்பு வரைபடத்தை நகர்த்தும். ஹேட் ஒன்றை வைத்துக்கொண்டே பாதி வேலையை முடிக்க முடிவது இதனால்தான்.

கீபேட் வாங்கினால் நம்லாக் விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் 8 எண்ணாகப் போகும், அணைந்தால் மேல் அம்பாகப் போகும். நிரல் எழுதக்கூடிய கீபேட் என்றால் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிடுங்கள், உள்ளீட்டுக் கோப்பு ஒற்றை எழுத்துகளை ஏற்கும். சால்டரிங் தெரிந்தவர் என்றால் ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சிறு மின்னணு அட்டை ஒன்று எடுத்து நீங்களே செய்யலாம். அதிலிருக்கும் சிப் யுஎஸ்பி விசைப்பலகையாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். 4×4 பொத்தான் அட்டைக்கு எட்டு முனைகள் போதும். ஆனால் இதுவும் விசைப்பலகைதான், முன்னால் இருக்கும் சாளரத்துக்கே போகும். அதன் எழுத்துகளையும் ஆட்டோஹாட்கீ வழியாகத்தான் திருப்பிவிட வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் எக்ஸ்சிசோரைப் பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு மாற்றிவிடுங்கள். புளூடூத் வழியாகக் கணினியிலிருந்து தரவு போகும், புளூடூத் கீபேட் போனோடு நேராக இணையும், முன்னால் இருக்கும் ஒரே நிரல் எக்ஸ்சிசோர்தான். உண்மையான கிளைடரில் ஸ்டிக்கில் ரிமோட் மாட்டிப் பறப்பவர்களின் ஏற்பாடும் இதுதான். கான்டாரில் நெட்வொர்க் வழியாகத் தரவு அனுப்பும் யுடிபி வெளியீடு என்றும் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அசையும் இருக்கைகள், காக்பிட் பலகைகளுக்கானது, அதில் என்எம்இஏ வராது.

உள்ளீட்டுக் கோப்பு எழுதும்போது, ஒவ்வொரு பதிவிலும் கூடுதலாக ஒரு நிலைச் செய்தி ஈவென்ட் போட்டு, திரையில் அந்த விசையின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். தரையில் நின்றபடியே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கலாம். பெயர் வந்து வேலை நடக்கவில்லை என்றால் கோப்பில் எழுத்துப் பிழை. பெயரே வரவில்லை என்றால் விசை இன்னும் கான்டாருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.