கத்தி பிடித்த கை வீணாகாது, தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கால்நடை நோய்க்குறியியலில் எம்.வி.எஸ்சி. முடித்துவிட்டு, அமெரிக்காவில் ஒரு பாக்டீரியா ஜீனோம் (டி.என்.ஏ.வின் முழு எழுத்து வரிசை) ஆய்வகத்தில் பிஎச்.டி. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சுற்றிலும் எல்லாரும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "போஸ்ட்மார்ட்டமும் மைக்ராஸ்கோப்பும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா, தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த வேலைக்கு உங்களைப் போன்ற ஆள்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வந்த மூன்றாம் வருடம் நடந்தது இது. ஜோன்ஸ் நோய்க் கிருமிதான் எங்கள் ஆய்வு; மாட்டின் குடலைத் தாக்கி மெல்ல மெல்ல மெலியவைக்கும் நோய் அது. ஒரு பால்பண்ணையில் ஒரு மாடு மெலிந்துகொண்டே போனது. சாணத்தில் கிருமி வளர்ந்தது, அதன் ஜீனோமும் படித்தாகிவிட்டது. எங்கள் அட்டவணையில் அந்த மாடு 'நோய் முற்றியது' என்ற பத்தியில் ஏறிவிட்டது. மாதங்கள் கழித்து அது செத்து நெக்ராப்சிக்கு வந்தது (விலங்குகளின் போஸ்ட்மார்ட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). அன்று தளத்தில் நான் இருந்தேன்.

ஜோன்ஸ் முற்றிய மாட்டின் சிறுகுடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் தடித்து, உள்பக்கம் மூளை மடிப்புப் போல இருக்கும். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாலும் மடிப்பு விரியாது. இந்த மாட்டின் குடல் மெல்லிசாக, வழவழப்பாக இருந்தது. அப்புறம் மார்பைத் திறந்தோம். நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டாம் வயிற்றிலிருந்து உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு, இதயத்தைச் சுற்றிய உறைக்குள் சீழோடு சீழாக, மாடு எப்போதோ விழுங்கிய ஒரு கம்பி. சுண்டுவிரல் நீளம் இருக்கும். மாடு மெலிந்தது அதனால்தான். குடலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இந்தக் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயம் போட்டு ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தேன். ஒரு சிவப்புக் குச்சிகூட இல்லை. தீவனத்தோடு விழுங்கிய கிருமி உடம்பில் தொற்றாமலே சாணத்தோடு வெளியே போயிருக்கிறது. இப்படி நடப்பது உண்டு.

நாங்கள் படித்த ஜீனோமில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, தம்பி. மாடு ஏறியிருந்த பத்திதான் தப்பு. நோயை முற்றவைக்கும் கிருமிக்கும் சும்மா வந்துபோகும் கிருமிக்கும் எந்த மரபணுவில் வித்தியாசம் என்று தேடுவதுதான் எங்கள் வேலை. ஏறத்தாழ 48 லட்சம் எழுத்து நீளமுள்ள இந்தக் கிருமியில் ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் வேறுபாடு சொற்பம். அதில் நாலைந்து மாடுகளைத் தவறான பக்கம் நிறுத்தினால் போதும், சம்பந்தமே இல்லாத மரபணு ஒன்று குற்றவாளியாக முன்னால் வந்து நிற்கும். எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. குடலைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

கேள்வியும் ஆய்வு மேசையிலிருந்துதான் பிறக்கிறது, கணினியிலிருந்து அல்ல. 1912 வாக்கிலேயே ட்வார்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தக் கிருமியை வளர்க்கப் போராடி, இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மைக்கோபாக்டீரியத்தின் சாற்றை ஊடகத்தில் கலந்தால்தான் இது வளரும் என்று கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குப் பின்னால் மைகோபாக்டின் என்று பெயர் வந்தது. கிருமிக்கு இரும்பைப் பிடித்துத் தருவது அது. இதை ஏன் இந்தக் கிருமியால் தானே செய்துகொள்ள முடியவில்லை? 2005-ல் கே-10 என்ற வகையின் முழு ஜீனோம் வெளிவந்தபோது, மைகோபாக்டின் தயாரிப்பின் முதல் மரபணு குறுகிக் கிடப்பது தெரிந்தது, காரணம் அதுவாக இருக்கலாம் என்றார்கள். தொண்ணூறு வருடத்துக்கு மேல் காத்திருந்த கேள்வி அது. எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

லேபிள் விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். 2001-ல் அமெரிக்காவில் கடிதங்களில் வந்த ஆந்த்ராக்ஸ் கிருமி 'ஏம்ஸ்' வகை என்று படித்திருப்பீர்கள். ஏம்ஸ் அயோவாவில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிருமி 1981-ல் டெக்ஸாஸில் செத்த ஒரு மாட்டிலிருந்து எடுத்தது. அனுப்பிய பார்சலின் லேபிளைப் பார்த்து வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, கோடிங். லினக்ஸ் கட்டளைகளும் கொஞ்சம் பைத்தானும் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஜோன்ஸ் கிருமியைத் தொடும் ஆய்வகம் என்றால் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊடகத்தில் கிருமியின் காலனி (திட்டு) கண்ணுக்குத் தெரியவே எட்டு முதல் பதினாறு வாரம் ஆகும். பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். பதிலுக்கு நீங்கள் ஸ்லைடு பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். அவர்களில் பலர் தாங்கள் ஒப்பிடும் நோயைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆய்வகக் கூட்டத்தில் வாய் திறங்கள். பேராசிரியர் முன் அடக்கமாக இருப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். இங்கே அப்படி இருந்தால், சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. "இந்த மாதிரி எந்த உறுப்பிலிருந்து எடுத்தது, அங்கே புண் இருந்ததா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

பேத்தாலஜி வாரியத் தேர்வு (நோய்க்குறியியல் நிபுணர் சான்றுக்கான தேர்வு) எழுதும் எண்ணம் இருந்தால் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் ரெசிடென்சியையும் பிஎச்.டி.யையும் சேர்த்தே செய்யலாம். முதல் வருடத்திலேயே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள், பிந்தினால் கஷ்டம். இன்னொன்று, ஊருக்குப் போய்த் திரும்பும்போது பழைய ஆய்வின் கிருமியையோ திசுவையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதற்கு இந்நாட்டு வேளாண்மைத் துறையின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். சின்னக் குழாய்தானே என்ற நினைப்பே வேண்டாம்.

இந்த வாரமே நெக்ராப்சி தளத்தின் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில் வந்து உதவுகிறேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ரப்பர் பூட்ஸ் அளவை அன்றே சொல்லிவிடுங்கள். உள்ளே போட கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் அந்தத் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.