கோஸ்டா ரிகா லீக்கை எல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்களா?

"இங்கிலாந்து, ஸ்பெயின் லீக்குகள் இருக்கும்போது கோஸ்டா ரிகா மாதிரி ஒரு மத்திய அமெரிக்க நாட்டுக் கால்பந்து லீக்கை ஒரு சீசன் முழுக்கப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்குச் சாம்பியன்ஸ் லீக் பார்த்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் தூங்கி விழுகிற ஆளாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலை நிமித்தம் ஒன்றரை வருடம் கார்த்தாகோ நகரில் குடியிருக்கும்படி ஆனது. அங்கே 2022 இன் முதல் பாதியில் தொடங்கிய சீசனைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே முழு உண்மை இல்லை. அதற்கு வருகிறேன்.

தரம் பற்றிப் பாடம் எடுக்கக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே: ஆமாம், ஆட்டம் மெதுவாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் பந்து சேற்றில் சிக்கி நிற்கும். ஆனால் ரியல் மாட்ரிட் அணிக்கு ஆடிய கோல்கீப்பர் கெய்லர் நவாஸ் வளர்ந்தது சப்ரிஸா என்ற இந்த லீக்கின் அணியில்தான். 2014 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகக் கோஸ்டா ரிகாவின் வெற்றிக் கோலை அடித்த பிரையன் ரூயிஸ், நான் இருந்தபோது அலஹுவெலென்சே அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தரம் வேண்டுமென்றால் நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள். நான் சொல்லப்போவது வேறு.

அங்கே வருடத்துக்கு ஒரு சாம்பியன் இல்லை, இரண்டு. அபெர்த்துரா, கிளவுசுரா என்று இரண்டு தொடர்கள். நான் இருந்தபோது பன்னிரண்டு அணிகள், 22 சுற்றுகள், முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி. இறுதியில் வென்றால் கோப்பை கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது வேறு அணி என்றால், அதனுடன் இன்னொரு 'பெரிய இறுதி' ஆட வேண்டும். எனக்கு இது பிடிபடவே இரண்டு மாதம் ஆனது. அப்புறம், 'லா லீகா' என்று நீங்கள் சொன்னால் அங்கே யாருக்கும் ஸ்பெயின் ஞாபகம் வராது. அது அலஹுவெலென்சேவின் செல்லப் பெயர். வந்த புதிதில், தெரியாமல் "எனக்கு லா லீகா பிடிக்கும்" என்று என் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரம் என்னிடம் அளவாகத்தான் பேசினார்.

ஏனென்றால் அது கார்த்தாகோ. 1823 வரை நாட்டின் தலைநகராக இருந்த ஊர். இராசு எரிமலையின் அடிவாரத்தில், 1,400 மீட்டர் உயரத்தில், மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். ஊர் அணியான கார்த்தகினேஸுக்கே 'மூடுபனிக்காரர்கள்' என்றுதான் பட்டப்பெயர். 1906 இல் தொடங்கிய அணி. 1923, 1936, 1940 ஆகிய வருடங்களில் மூன்று பட்டங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் 1994 ஆம் ஆண்டுத் தொடரில் மெக்சிகோவின் அட்லான்டேவைத் தோற்கடித்து வட, மத்திய அமெரிக்கப் பிராந்தியத்தின் சாம்பியன்ஸ் கோப்பையையே வாங்கிய அணி. சொந்த நாட்டு லீக்கை மட்டும் ஜெயிக்க முடியவில்லை. 2013 இல் எரேடியானோவிடம் இறுதியில் பெனால்டி வரை போய்த் தோற்றார்கள்.

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் உண்டு. 1940 இல் ஜெயித்த களிப்பில் ஆட்டக்காரர்கள் குடித்துவிட்டுக் குதிரையோடு தேவமாதா பசிலிக்காவுக்குள் புகுந்தார்களாம், பாதிரியார் சபித்துவிட்டாராம். அணியின் சொந்த மைதானமான ஃபேயோ மேசாவில் யாரோ செய்வினைப் பொம்மையைப் புதைத்துவிட்டார்கள் என்று இன்னொரு கதை. அங்கே 'பொம்மை' என்று சொன்னாலே போதும், எதைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துவிடும். நான் சிரித்தேன். நம் ஊரில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வண்டியை எடுக்காதவன், அங்கே போய்ப் பகுத்தறிவுவாதி ஆகிவிட்டேன்.

வீட்டுக்காரம்மாவின் அப்பாவும் அதே வீட்டில் இருந்தார். 78 வயது. கணக்குப் பாருங்கள், கடைசிப் பட்டம் வந்தபோது அவர் பிறக்கவே இல்லை. காலையில் ஆகுவா துல்சே என்று வெல்லத்தைக் கொதிக்க வைத்த சுடுபானம் ஒன்றைக் கோப்பையில் ஊற்றிக் கையில் தருவார். கருப்பட்டிக் காப்பியில் காப்பியை மறந்துவிட்டால் என்ன வருமோ அதுதான். கொடுக்கும்போது "எஸ்தே அன்யோ சீ" என்பார். "இந்த வருஷம் கண்டிப்பா" என்று அர்த்தம். அந்த ஊரில் அது வணக்கம் மாதிரி. கிண்டலாகவும் சொல்வார்கள், வேண்டுதலாகவும் சொல்வார்கள். இவர் எந்த ரகம் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள், அரைகுறை ஸ்பானிஷில் நான் சொன்னேன்: "டோன் (ஐயா), எண்பத்தோரு வருஷமாக வராதது இனிமேல் வராது. சப்ரிஸாவுக்கு மாறிவிடுங்கள், நிம்மதியாக இருக்கலாம்." சப்ரிஸாவுக்கு அப்போதே 36 பட்டங்கள். என் அலுவலகத்தில் பாதிப் பேர் சப்ரிஸா, நானும் அவர்களோடு சேர்ந்து ஊதாச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஜெயிக்கிற கட்சியில் சேர்வது எனக்குப் பழக்கம்தான். பெரியவர் கோபப்படவில்லை. "சரி, ஜெயித்தால் என்ன தருவாய்?" என்றார். வீட்டில் எல்லோருக்கும் தோசை சுட்டுப் போடுகிறேன் என்றேன்.

அந்த சீசனில் கார்த்தகினேஸ் ஒன்றும் பிரமாதமாக ஆடியது என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் ஹெய்னர் செகூரா. முன்வரிசையில் மார்செல் எர்னாண்டஸ் என்ற கியூபாக்காரர், இடையில் அலஹுவெலென்சேவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். கால்பந்து தெரிந்த யாரும் பயப்படுகிற அணி இல்லை. ஆனால் தோற்க வேண்டிய ஆட்டங்களில் தோற்காமல் இருந்தார்கள். மே மாதம் மழை தொடங்கியது. பெரியவர் வானொலியும் தொலைக்காட்சியும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார். வானொலி சில நொடிகள் முந்திக்கொள்ளும், கோல் விழுந்தது காதுக்கு முதலில் தெரிந்துவிடும். நல்லதா கெட்டதா என்று தெரிந்த பிறகு கண்ணால் பார்ப்பதுதான் இதயத்துக்கு நல்லது என்பார். கடைசியில் எதிரே வந்து நின்றது அலஹுவெலென்சே. ஜூலை மாதம், இரவு ஆட்டம்.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். கோஸ்டா ரிகாவில் இரவு எட்டு மணி என்றால் இந்தியாவில் மறுநாள் காலை ஏழரை. இந்தியாவில் இருந்த என் மேலாளர் காலையில் குளித்து முடித்துக் காப்பியோடு உட்காரும் நேரம். "ஐந்து நிமிஷம்தான்" என்பார். அந்த ஐந்து நிமிஷம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. வேலை நேரம் கோஸ்டா ரிகா நேரப்படி என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது, அதன் நகல் இன்னும் என்னிடம் உண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். 'முடியாது என்று சொல்லியிருக்கலாமே' என்று சில பேர் எழுதுவீர்கள். விசா அவர்கள் கையில் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆக, ஊரே 81 வருடமாகக் காத்திருந்த இரவில் நான் மாடி அறையில் ஒரு விரிதாளில் நிரல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து சத்தம் வரும், நிற்கும். தெருவில் ஒரு ஹார்ன் அடிக்கும், நிற்கும். மேலாளர் "பின்னணிச் சத்தம் அதிகமாக இருக்கிறதே, மியூட் போடுங்கள்" என்றார். போட்டேன். அப்புறம் மொத்த நகரமும் ஒரே நேரத்தில் கத்தியது. மைதானத்திலிருந்து வருவது மாதிரி இல்லை, தரையிலிருந்து வருவது மாதிரி. பசிலிக்காவின் திசையில் பட்டாசு. கொஞ்ச நேரம் எனக்குப் புரியவே இல்லை, நிலநடுக்கமோ என்று நினைத்தேன். 1910 இல் நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊர் அது, அந்தப் பயம் குடிவந்தவனுக்கும் தொற்றிக்கொள்ளும்.

அழைப்பு முடிந்து கீழே வந்தால் வீட்டில் ஆள் இல்லை. வாசற்கதவு திறந்து கிடக்கிறது. தொலைக்காட்சியும் வானொலியும் யாருக்கோ கத்திக்கொண்டிருக்கின்றன. பெரியவர் முட்டிவலிக்காரர், தடி மூலையிலேயே இருக்கிறது, அவரைக் காணோம். ஓடினேன். பசிலிக்காவுக்கு முன்னால் இருக்கும் சதுக்கம் முழுக்க நீலமும் வெள்ளையும். ஆகஸ்ட் 2 ஆம் தேதி நாடெங்கிலுமிருந்து மக்கள் நடந்தே வந்து கும்பிடும் இடம், அன்றைக்கு ஒரு மாதம் முன்னதாகவே நிரம்பிவிட்டது. செத்துப்போனவர்களின் சட்டம் போட்ட புகைப்படங்களைப் பிடித்துக்கொண்டு நின்ற பலரைப் பார்த்தேன். அப்பா, தாத்தா, யாரோ. அதைப் பார்த்த பிறகு ஏப்ரலில் நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

பெரியவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாழ்த்துச் சொல்ல வார்த்தை தேடினேன், ஸ்பானிஷ் மொத்தமும் மறந்துபோனது. அவர்தான் கேட்டார், "உன் மீட்டிங் முடிந்ததா?"

தோசை சுட்டேனா என்றால், சுட்டேன். கார்த்தாகோ குளிரில் மாவு புளிக்கவே இல்லை, இரண்டு நாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தும். பதினோரு பேருக்கு ரொட்டி மாதிரி ஒன்றைச் சுட்டுப் போட்டேன். பெரியவர் மூன்று சாப்பிட்டார், மரியாதைக்கு என்று நினைக்கிறேன்.

பின்சேர்க்கை: "அதற்கப்புறம் அந்த அணி ஏதாவது ஜெயித்ததா?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். அடுத்த நான்கு லீக் பட்டங்களையும் வரிசையாகச் சப்ரிஸா வாங்கியது, மொத்தம் 40 ஆனது. ஊதாச் சட்டையை நான் கார்த்தாகோவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.