கால்பந்து கிளப் தலைவர்களில் ஓவியம் சேகரித்தவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் இத்தாலியின் ஜியானி ஆக்னெல்லி. ஃபியட் கார் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரின் பேரன். அப்பா எடோர்டோ 1923இல் டுரின் நகரின் யுவென்டஸ் கிளப்புக்குத் தலைவரானார். அந்த நாற்காலியில் மகன் ஜியானி 1947 முதல் 1954 வரை இருந்தார். 1950லும் 1952லும் லீக் பட்டம் வந்தது. சரி, பணக்கார வாரிசு, கிளப் கிடைத்தது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் ஓவிய ரசனை அவருடைய கால்பந்துப் பேச்சிலேயே கலந்திருந்தது. யுவென்டஸ் வீரர் ராபர்டோ பாஜியோவை ரஃபேலுக்கு ஒப்பிட்டார். இளம் வீரர் டெல் பியரோவுக்கு பின்டுரிக்கியோ என்று பட்டப்பெயர் வைத்தார். ரஃபேல், பின்டுரிக்கியோ இருவருமே மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள். பின்டுரிக்கியோ ஒரு படி கீழே என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார், குறும்புக்காரர்!

சேகரிப்பைப் பார்க்க டுரினின் லிங்கோட்டோவுக்குப் போக வேண்டும். மொட்டைமாடியில் கார் சோதனை ஓடுதளம் உள்ள பழைய ஃபியட் தொழிற்சாலை அது. அதன் உச்சியில் ரென்சோ பியானோ வடிவமைத்த கூடம் 2002இல் திறந்தது. மொத்தம் 25 படைப்புகள்தான்: ஓவியர் மட்டீஸின் படைப்புகள் மட்டும் ஏழு, அப்புறம் கனலெட்டோவின் வெனிஸ் காட்சிகள், பிக்காசோ, மோடிலியானி, கனோவாவின் இரண்டு சிற்பங்கள். திறந்து சில மாதங்களில், 2003 ஜனவரியில், ஆக்னெல்லி காலமானார்.